எல் போட்டும் ஒரு நீண்ட கியூவும்

இந்த நாட்டுக்கு வந்த எங்கட சனத்திடம் "வந்து முதலில் என்ன எடுத்தனீங்கள்?" என்று கேட்டால், விசாவுக்கு அடுத்ததாகப் பலரும் சொல்வது லைசன்ஸைத்தான். வீடு வாங்கினதும் கடை போட்டதும் பிறகு வந்த கதைகள். சித்திரை மலர்களில் எங்கள் ஊர்களின் வரலாறும் கோயில்களின் வரலாறும் பள்ளிக்கூடங்களின் வரலாறும் பலமுறை வந்துவிட்டன. நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு வந்து, பத்து வருடத்துக்கு மேலாக ஒரு சாப்பாட்டு பக்டரியில் பெல்ட்டுக்கு முன்னால் நிற்கிறவள். எனக்கு அரசர்களின் வரலாறு எழுத வராது. ஆனால் பிரித்தானியாவில் கார் ஓடும் பரீட்சைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் கொரோனாக் காலம் ஒரு பெரிய அத்தியாயம். அந்த அத்தியாயத்தில் எங்கட ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் பழைய கதை. 1903 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கே லைசன்ஸ் எடுக்க ஒரு பரீட்சையும் தேவையில்லை. ஐந்து சிலிங் கொடுத்தால் கையில் தந்துவிடுவார்கள். கார் ஓடத் தெரியுமா என்று கேட்கிறவர் எவரும் இல்லை. அதன் விளைவு முப்பது வருடத்தில் தெரிந்தது. 1934 இல் பிரித்தானிய வீதிகளில் இருந்த வாகனங்கள் ஏறத்தாழ 24 இலட்சம்தான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் வீதியில் செத்தவர்கள் 7,343 பேர். இன்று அதைப் போலப் பல மடங்கு வாகனங்கள் ஓடியும் சாவு அந்தத் தொகையின் கால்பங்கு அளவில்தான் இருக்கிறது. அன்றைய போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. சீப்ராக் கடவைகளின் இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கம்பத்தில் மஞ்சள் உருண்டை விளக்கு மினுங்குமே, அது இவருடைய பேரில்தான் இன்னும் நிற்கிறது. ஊர்மனைக்குள் மணிக்கு 30 மைல் என்ற வேகக் கட்டுப்பாட்டையும் 1935 மார்ச்சில் கொண்டுவந்தவர் இவரே.

அதே வருடம் ஜூன் 1 ஆம் திகதி ஓட்டப் பரீட்சை கட்டாயமாக்கப்பட்டது. 1934 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு கார் ஓடத் தொடங்கியவர்கள் எல்லோரும் பரீட்சை எடுக்க வேண்டும். ஒரே நாளில் சனம் வந்து குவிந்துவிடும் என்ற பயத்தில், விரும்பினவர்கள் முன்கூட்டியே எடுக்கலாம் என்று மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிட்டார்கள். கியூ என்ற பயம் இந்தப் பரீட்சையோடு கூடப் பிறந்தது என்று இதிலிருந்து விளங்குகிறது. கட்டணம் ஏழு சிலிங் ஆறு பென்ஸ். பரீட்சை நிலையம் என்று ஒரு கட்டிடமும் அப்போது இருக்கவில்லை. ரயில் ஸ்டேசனிலோ பார்க்கிலோ பரீட்சகர் வந்து நிற்பார், அங்கே காரோடு போய்ச் சந்திக்க வேண்டும்.

தொடங்கி நாலு வருடத்தில் முதல் தடவையாகப் பரீட்சை நின்றது. 1939 செப்டெம்பர் 2 ஆம் திகதி, பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்வதற்கு முதல் நாள். பரீட்சகர்களைப் பெற்றோல் பங்கீட்டு வேலைக்கும் போக்குவரத்து வேலைக்கும் அனுப்பிவிட்டார்கள். பரீட்சை திரும்பத் தொடங்கியது 1946 நவம்பர் 1 இல். ஏழு வருடத்துக்கு மேல். அந்த ஏழு வருடமும் எத்தனையோ பேர் போர்க்காலத் தற்காலிக லைசன்ஸோடு ஓடினார்கள். அவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. 1947 பெப்ரவரியில் ஒரு வருடத் தவணை கொடுத்து, அந்தத் தற்காலிக லைசன்ஸைப் பரீட்சை இல்லாமலே முழு லைசன்ஸாக மாற்றிக்கொள்ள விட்டது.

இரண்டாம் தடவை 1956 இல். 56 என்றால் எங்கட ஆட்களுக்குத் தனிச் சிங்களச் சட்டம்தான் நினைவுக்கு வரும். இங்குள்ள வெள்ளைக்கார வயசாளிகளுக்கு சுயெஸ் கால்வாய் நினைவுக்கு வரும். நாசர் கால்வாயைத் தேசியமயமாக்க, பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுக்க, கால்வாய் அடைபட்டு எண்ணெய் வரத்து குறைந்து பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. நவம்பர் 24 ஆம் திகதி ஓட்டப் பரீட்சையை நிறுத்திப் பரீட்சகர்களை மறுபடியும் பெற்றோல் பங்கீட்டுக்கு அனுப்பினார்கள். 1957 ஏப்ரல் 15 வரைக்கும் அப்படித்தான். இந்த இடைக்காலத்தில் எல் போட் கட்டியவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக ஓட அனுமதி கிடைத்தது. (பெற்றோல் இல்லாத காலத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் புகை தள்ளிக்கொண்டு ஓடினது எனக்குச் சின்ன வயது ஞாபகம். அந்தக் கார்களும் இங்கிலாந்தில் செய்தவைதான்.)

இந்த இரண்டு தடவையும் நடந்ததை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பரீட்சை நின்றது அரசாங்கத்தின் முடிவு. அதனால் வந்த கஷ்டத்தில் ஒரு பங்கை அரசாங்கமும் ஏற்றது. அது முழுக்க முழுக்க நல்லது என்று நான் சொல்லவில்லை. 1941 இல் வீதியில் செத்தவர்கள் 9,169 பேர், இந்த நாட்டு வரலாற்றிலேயே ஆகக் கூடிய தொகை. அதற்கு இருட்டடிப்பு ஒரு பெரிய காரணம். ஆனாலும் பரீட்சை இல்லாமல் ஓட விடுவது பயமான விஷயம்தான். பிள்ளைகளை வைத்திருக்கிற ஆட்களுக்கு அது விளங்கும்.

இனி எங்கட காலம். 1996 ஜூலையில் தியறி என்ற எழுத்துப் பரீட்சை தனியாக வந்தது. இப்போது 50 கேள்வியில் 43 சரியாக வரவேண்டும். ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோப் பகுதியில் 75 புள்ளிக்கு 44 எடுக்க வேண்டும். பாஸ் பண்ணினால் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குச் செல்லும். அந்த இரண்டு வருடத்துக்குள் கார் ஓடிக் காட்டிப் பாஸ் பண்ணாவிட்டால் தியறியை முதலிலிருந்து எடுக்க வேண்டும். இலங்கை லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கே குடியிருக்கத் தொடங்கி 12 மாதம் ஓடலாம், அதற்குப் பிறகு இந்தப் பாதையால்தான் வரவேண்டும். இலங்கையும் இடப்பக்கம் ஓடுகிற நாடுதான், வட்டச் சந்தியும் உண்டு, ஆனால் லைசன்ஸை மாற்றிக் கொடுக்கிற நாடுகளின் பட்டியலில் இலங்கையின் பெயர் இல்லை.

இன்னொரு விஷயம் பிறகு வந்த இளம் ஆட்களுக்குத் தெரியாது. 2014 ஏப்ரல் 7 வரைக்கும் தியறிப் பரீட்சைக் கேள்விகளைத் தமிழில் கேட்கலாம். காதில் ஹெட்போன் மாட்டினால் தமிழ்க் குரல் கேள்வியை வாசிக்கும். 19 வேற்று மொழிகளில் அந்த வசதி இருந்தது, அதில் தமிழும் ஒன்று. ஓட்டப் பரீட்சைக்கு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிப்போகலாம். வீதிப் பாதுகாப்பு, மோசடி, செலவு என்று காரணம் சொல்லி அன்றோடு இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். மோசடி நடந்ததும் உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. சில மொழிபெயர்ப்பாளர்கள் கேள்வியோடு விடையையும் சேர்த்துச் சொன்ன கதைகள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஆனால் அதன் பிறகு, ஊரில் எட்டாம் வகுப்போடு நின்று, இங்கே வந்து இரவும் பகலும் வேலை செய்த அம்மாமாருக்குத் தியறி ஒரு மலையாகிவிட்டது. அந்த மலையை ஏறி இறங்கினவர்களுக்குத்தான் 2020 இல் நடந்தது ஆகக் கூட வலித்தது.

2020 மார்ச் 20 ஆம் திகதி கார் ஓட்டப் பரீட்சைகள் நிறுத்தப்பட்டன. தியறி நிலையங்களும் மூடப்பட்டன. முதலில் மூன்று மாதம் என்றுதான் சொன்னார்கள். சுகாதாரம், பராமரிப்பு போன்ற அவசர வேலைக்காரருக்கு மட்டும் கொஞ்சப் பரீட்சைகள் நடந்தன. இங்கிலாந்தில் பழக்குகிற மாஸ்டர்மாருக்கு ஜூலை 4 இல் அனுமதி வந்தது, பரீட்சை ஜூலை 22 இல் தொடங்கியது. வேல்ஸில் ஓகஸ்ட் 17, ஸ்கொட்லாந்தில் செப்டெம்பர் 14. ஓகஸ்டில் புக் பண்ணுகிற இணையத்தளத்தைத் திறந்தபோது வந்த கூட்டத்தைத் தாங்காமல் அது படுத்துவிட்டது. பிறகு நவம்பர் 5 இல் இரண்டாம் முடக்கம், இங்கிலாந்தில் திரும்பவும் பரீட்சை இல்லை. டிசெம்பர் தொடக்கத்தில் திறந்தார்கள். ஜனவரியில் மூன்றாம் முடக்கம். கடைசியாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஏப்ரல் 22, சித்திரை வருடம் பிறந்து ஒரு கிழமைக்குப் பிறகு, பரீட்சை தொடங்கியது. ஸ்கொட்லாந்தில் மே 6.

இந்தப் பதின்மூன்று மாதமும் பக்டரிகள் நிற்கவில்லை. வீட்டுக்குள் இருங்கள் என்று பிரதமர் ரிவியில் சொன்ன அடுத்த நாள் காலையும் நாங்கள் ஆறு மணிக்குப் பெல்ட்டுக்கு முன்னால் நின்றோம். சனம் சாப்பிட வேண்டுமே. எங்கள் பக்டரி ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. முதல் பஸ் வருவதற்குள் காலை ஷிப்ட் தொடங்கிவிடும். அதனால் கார் வைத்திருக்கிற ஒரு அண்ணையோடு நாலு பேர் சேர்ந்து போவோம், கிழமைக்கு ஆளுக்குப் பத்துப் பவுண் பெற்றோலுக்கு. வேறு வீட்டு ஆட்களோடு காரில் ஏறுவதைத் தவிருங்கள் என்பது அப்போதைய அறிவுரை. பஸ்ஸில் ஆட்களைக் குறைத்து ஏற்றினார்கள், அத்தியாவசியம் இல்லாதவர்கள் ஏறவேண்டாம் என்றார்கள். டக்ஸிக்குக் கொடுத்தால் சம்பளத்தில் இரண்டு மணித்தியாலம் போய்விடும். சொந்தக் கார் ஓடுவதுதான் ஆகப் பாதுகாப்பு என்று எல்லோரும் சொன்ன அதே மாதங்களில், அதற்கான லைசன்ஸை எடுக்கிற வழி பூட்டிக் கிடந்தது. நாங்கள் என்ன செய்தோம்? ஜன்னலை இறக்கிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, மார்ச் மாதக் குளிருக்குள் அதே நாலு பேரும் அதே காரில்தான் போனோம். அதில் இரண்டு பேருக்கு நோய் வந்தது. அந்த அண்ணை பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காரில்தான் தொற்றியதா பெல்ட்டிலா சாப்பாட்டு அறையிலா என்று யாரும் சொல்லேலாது. ஆனால் அவர் மனைவி இன்றுவரை காரைத்தான் சொல்லுகிறா.

என்னோடு வேலை செய்கிற ஒரு அக்கா தியறியை நாலாம் முறையில் பாஸ் பண்ணினவ. அது 2019 பெப்ரவரியில். இரவு வேலை முடிந்து வந்து, மகளை வைத்துக் கேள்விகளைத் தமிழில் எழுதிப் பாடமாக்கினவ. 2020 ஏப்ரலுக்கு ஓட்டப் பரீட்சைத் திகதி இருந்தது, அது போனது. பிறகு நவம்பர் பத்தாம் திகதி என்று வந்தது, ஐந்தாம் திகதியோடு அதுவும் போனது. அடுத்து ஜனவரி கடைசியில் ஒன்று கிடைத்தது, அதற்கும் நாடு பூட்டு. பெப்ரவரியில் தியறிச் சான்றிதழ் காலாவதி. ஒருமுறைகூடப் பரீட்சகரின் முகத்தைக் காணாமலே அவவின் இரண்டு வருடம் முடிந்தது. "பரீட்சையில் பெயில் எண்டால் பரவாயில்லை. இது பெயிலும் இல்லை, பாஸும் இல்லை," என்று சொன்னா.

இப்படி நாடு முழுக்கப் பலர். தியறிச் சான்றிதழின் காலத்தை நீடியுங்கள் என்று மனுப் போட்டார்கள், பாராளுமன்றத்திலும் கேட்டார்கள். அரசாங்கம் மறுத்தது. வீதி அறிவு புதிதாக இருக்கவேண்டும், இரண்டு வருடம் என்பது சட்டத்தில் உள்ளது என்றது பதில். ஆனால் அயர்லாந்துக் கடலுக்கு அந்தப் பக்கம், வட அயர்லாந்தில் பரீட்சை நடத்துவது வேறு நிர்வாகம். அங்கே சான்றிதழ்களின் காலத்தை நீடித்தார்கள். வீதி அறிவு கடலின் ஒரு கரையில் இரண்டு வருடத்தில் பழுதாகும், மறு கரையில் பழுதாகாது என்று நம்புவது கஷ்டம். 1947 இல் பரீட்சையே இல்லாமல் லைசன்ஸ் கொடுத்ததைப் போல யாரும் கேட்கவில்லை. 1956 இல் போலத் தனியாக ஓட விடுங்கள் என்றும் கேட்கவில்லை. ஏற்கனவே பாஸ் பண்ணின ஒன்றுக்குக் கொஞ்ச மாதம் கூட்டித் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். மூன்று தடவை பரீட்சை நின்றதில், நின்றதன் முழு விலையையும் பழகுகிறவனின் தலையில் கட்டியது இந்த மூன்றாம் தடவை மட்டும்தான் என்பது என் கருத்து. வேறு கருத்து உள்ளவர்கள் அடுத்த மலரில் எழுதலாம்.

பரீட்சை திறந்த பிறகு நிலைமை சரியாகிவிடும் என்று நினைத்தோம். 2020 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 16 இலட்சம் கார்ப் பரீட்சைகள் நடந்தன. அடுத்த நிதியாண்டில் நாலரை இலட்சத்துக்கும் குறைவு. அப்படியானால் பதினொரு இலட்சத்துக்கு மேல் நடக்காமல் போய்விட்டன. பக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். பெல்ட் ஒரு மணித்தியாலம் நின்றால் பின்னால் பெட்டிகள் குவியும். திரும்பப் பழைய வேகத்தில் ஓடவிட்டால் புதிதாக வருகிற பெட்டிகளைத்தான் சமாளிக்கலாம், குவிந்தது குவிந்தபடியே கிடக்கும். குவிந்ததைக் கழிக்க வேண்டுமென்றால் ஒன்றில் வேகத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு லைனில் ஆளைப் போட வேண்டும். இங்கே வேகம் முதலில் குறைந்தது. மாஸ்க், திறந்த ஜன்னல், காரைத் துடைப்பது என்று ஒவ்வொரு பரீட்சைக்கும் நேரம் தேவைப்பட்டது. பாரதூரமான பிழை ஒன்று விட்டால் அந்த இடத்திலேயே பரீட்சையை முடித்து நிலையத்துக்குத் திருப்பினார்கள். ஆளும் கூடவில்லை. 2021 இலிருந்து 19 தடவை ஆள் சேர்க்க முயன்றும், 400 பேரைக் கூட்டும் இலக்குக்குக் கூடியது 83 பரீட்சகர்கள்தான் என்று தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 டிசெம்பரில் அறிக்கை விட்டது. இதைவிட, பரீட்சை எடுக்கிறவர்களில் பாதிப்பேர் பெயில். எங்கள் பக்டரியில் ரிஜெக்ட் ஆன பெட்டிகளைத் தூக்கித் திரும்ப லைனின் தலைமாட்டில் வைப்பது போல அவர்களும் கியூவில் திரும்பச் சேருகிறார்கள்.

கியூ நீண்டால் கள்ளச் சந்தை வரும். இதுவும் எங்களுக்குப் புதிதில்லை, சங்கக்கடைக் காலத்திலிருந்து பார்த்ததுதான். வார நாள் பரீட்சைக்குச் சட்டப்படியான கட்டணம் 62 பவுண். கொம்பியூட்டர் புரோகிராம் வைத்துத் திகதிகளை அள்ளி எடுத்து விற்கிறவர்களுக்கு 500 பவுண் வரைக்கும் கொடுத்தவர்கள் உண்டு என்று அதே அறிக்கை சொல்கிறது. வட்ஸ்அப்பில் எனக்கும் அப்படி ஒரு செய்தி வந்தது, தமிழில். விற்கிறவரும் எங்கட ஆள்தான் போலிருக்கிறது, "தங்கச்சி" என்றுதான் தொடங்கியிருந்தார். நான் வாங்கவில்லை. 2022 கோடையில் ஒரு விடியப்புறம் யாரோ விட்ட திகதி ஒன்று, வீட்டிலிருந்து நாற்பது மைல் தள்ளிக் கிடைத்தது, அதில் பாஸ் பண்ணினேன். வாங்கினவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். வேலை கிடைத்து லைசன்ஸ் இல்லாமல் நிற்பவனுக்கு 500 பவுண் இரண்டு கிழமைச் சம்பளத்துக்குள் வந்துவிடும்.

நோய்க்கு முதல், 2020 பெப்ரவரியில் பரீட்சைக்குச் சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 5 கிழமை. 2025 செப்டெம்பரில் 22 கிழமை. 24 கிழமைக்கு மேல் முன்கூட்டிப் புக் பண்ண முடியாது என்பதால் பல நிலையங்களில் அந்த எல்லை வரைக்கும் நிரம்பியிருந்தது. ஏழு கிழமைக்குக் கொண்டுவர 2027 நவம்பர் வரை செல்லும் என்று அந்த அறிக்கையில் போட்டிருக்கிறது. 2025 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் ஹெய்டி அலெக்சாண்டர் இரண்டு அறிவித்தல் விட்டார். ஒன்று, பழகுகிறவர் மட்டுமே தன் பரீட்சையைப் புக் பண்ண முடியும் என்று விதியை மாற்றுவது. ஆகவே மாஸ்டரிடமோ இடைத்தரகரிடமோ காசைக் கொடுத்துவிட்டு இருக்கிற பழக்கத்தை எங்கட ஆட்கள் விட்டு, உங்கள் பேரில், உங்கள் ஈமெயிலில் நீங்களே புக் பண்ணப் பழகுங்கள். இங்கிலிஸ் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். மற்றது, இராணுவத்திலிருந்து 36 பரீட்சகர்களை ஒரு வருடத்துக்குக் கிழமையில் ஒரு நாள் இரவல் வாங்குவது. 1939 இலும் 1956 இலும் பரீட்சகர்களைப் பெற்றோல் பங்கீட்டுக்கு இரவல் கொடுத்தார்கள். இப்போது பரீட்சைக்கே இராணுவத்தில் இரவல் வாங்க வேண்டி வந்திருக்கிறது.

அந்த அக்கா தியறியைத் திரும்ப எடுத்து, ஐந்தாம் முறையாகப் பாடமாக்கிப் பாஸ் பண்ணி, 2022 கடைசியில் கார் ஓட்டத்திலும் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டா. இப்போது காலை ஷிப்டுக்கு நாலு பேரை ஏற்றிவருவது அவதான், கிழமைக்குப் பத்துப் பவுண் கணக்கு மாறவில்லை. பின் சீற்றில் இருக்கிற பொடியன் போன வருடம் வந்தவன், வவுனியாப் பக்கம். ஊரில் லொறி ஓடினவன். தியறி பாஸ். அவனுக்குக் கிடைத்த திகதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதுவும் வேறு ஊரில்.